கிணற்று நீரிலுள்ள வைரசுக்களும் குளோரீனும்

கிணற்றில் வெளிற்றுந்தூளை இட்டுவிட்டால் நீர் தூய்மையாகிவிடும் என்பது கமக்காரர் பலரின் எண்ணம். நெருப்புக்காய்ச்சல், வாந்திபேதி என்பவற்றை உண்டாக்கும் பற்றீரியாக்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையே. வைரசுக்களும் குளோரீனால் அழிவனவே. எனினும் அவற்றுட் சில பற்றீரியாக்களினும் கூடிய நேரம் தாக்குப்பிடிப்பன.

1955 டிசெம்பரிலும் 1956 சனவரியிலும் டில்லி நகரில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். யமுனை நதியில் நகரத்துக்கு நீர் எடுக்கும் இடத்திற் கழிவுநீர் கலந்தது. குளோரீன் இட்டே நீர் வழங்கப்பட்டது. அவ்வாறிருந்தும் ஏறக்குறைய 29,000 பேர் செங்கண்மாரியால் வருந்தினர். வியப்பு என்னவெனில், நெருப்புக்காய்ச்சலோ வயிற்றுளைவோ அவ்வேளையிற் பெருகவில்லை. பற்றீரியாக்கள் மடிந்தன, வைரசு தப்பிக்கொண்டது. அது ஈ வகை ஈரலழற்சி வைரசு என்பது பல்லாண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று. கருவுற்ற பெண்களின் உயிருக்கு இந்நோய் பெருங்கேடு விளைப்பது.

வைரசு தப்புவதற்குத் தலையாய காரணம் கலங்கலே. சேறும் மலப்பொருளும் குளோரீனைத் தாமே உறிஞ்சிவிடுகின்றன. அத்துகள்களினுள்ளே புதைந்த வைரசைக் குளோரீன் எளிதில் அணுகாது. பீ.எச். அளவு 8 இற்கு மேற்பட்ட கார நீரிலும் குளோரீனின் வலிமை குன்றும். ஆதலால் வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்து, ஊறும் நீர் தெளிந்த பின்னரே மருந்திடல் வேண்டும். கலங்கல் நீரில் தூளை அள்ளிக் கொட்டுவது வீண்செலவு.

தெளிந்த நீர் 1,000 இலீற்றருக்கு நல்ல தூள் 2.5 கிராம் அளவாகும். 2 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீராழமும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறக்குறைய 9,400 இலீற்றர் நீர் இருக்கும்; அதற்கு 24 கிராம் வரை போதும். தூளை வாளியிற் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் அடையவிடுக. தெளிவை மாத்திரம் வேறு வாளியில் வடித்துக் கிணற்றுள் இறக்கி நன்கு கலக்குக. அடியிலுள்ள சுண்ணாம்பைக் கிணற்றில் இடலாகாது. ஒரு மணி நேரம் நீர் அள்ளாதிருக்க. அதன்பின்னும் இலீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரீன் எஞ்சி நிற்றல் வேண்டும்; பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு இதனைச் சோதிப்பிக்கலாம். திறந்து வைத்த பழைய தூள் வலுவிழந்திருக்கும். ஐயமிருப்பின் கொதித்தாறிய நீரையே பருகுக.

கோழி வளர்ப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குடிநீரிற் கலந்து கொடுக்கும் இரணிக்கெற் நோய்த் தடுப்பு மருந்திலுள்ளது உயிருள்ள வைரசு. குளோரீன் நீரிற் கலந்தால் அதுவும் மடிந்து மருந்து பயனற்றுப் போம். அத்தேவைக்குக் குளோரீன் இடாத தூய நீரைப் பயன்படுத்துக. அது கிடையாவிடின், முன்னதாகவே இலீற்றருக்கு 2.5 கிராம் வீதம் ஆடை நீக்கிய பால்மாவை நீரிற் கரைத்துக்கொள்க.