வாத உடம்புக்கு ஒரு துண்டு போதும்

மல்லாந்து படுத்து ஒரு காலை மேலே தூக்கி, அதன் கட்டைவிரலைக் கையால் பிடிப்பதுதான் சுப்த பாதாங்குஷ்டாசனம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குத் தொடையின் பின்தசை இறுகிக் கிடக்கும். அதை நீட்டிவிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதுகு தரையில் படிந்திருப்பதால், நின்றபடி குனியும் ஆசனங்களைவிட இடுப்புக்குப் பாரம் குறைவு. ஆனால் எல்லா உடம்புக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டியதில்லை.

ஆயுர்வேதக் கணக்கில் என்னுடையது வாத உடம்பு. மெல்லிய எலும்பு, வறண்ட தோல், மார்கழி பிறந்தால் விரல் நுனியெல்லாம் ஜில்லிட்டுவிடும், உட்கார்ந்து எழுந்தால் முட்டியில் 'சடக்'. வாத உடல்வாகு உள்ளவர்களுக்கு அசையும்போதெல்லாம் மூட்டு சத்தம் போடும் என்று சரகரின் ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம் என்ற பகுதியிலேயே இருக்கிறது. வறட்சி, குளிர்ச்சி, லேசு, ஓயாத அசைவு இவைதான் வாதத்தின் குணங்கள். இவற்றுக்கு எதிரானவை எண்ணெய்ப் பசை, சூடு, பாரம், நிதானம். என் பயிற்சியில் நான் செய்துகொண்ட மாற்றங்கள் எல்லாம் இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

முதலில் சூடு. வெதுவெதுப்பான நல்லெண்ணெயை முட்டியைச் சுற்றியும் இடுப்பு மூட்டிலும் தேய்த்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வழுக்காதபடி துடைத்துவிட்டுத்தான் பாயில் படுப்பேன். மின்விசிறி ஓடாது. பாயின் மேல் ஜமக்காளம், தலைக்கடியில் மடித்த துணி. தலை பின்னால் சாய்ந்து மோவாய் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் கழுத்தில்தான் வேலை நடக்கும், தொடையில் நடக்காது.

தூக்காத காலை நீட்டி வைப்பது புத்தகத்தில் உள்ள முறை. நான் அதை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்கிறேன். இடுப்பு அசையாமல் நிற்கும். தூக்கும் காலுக்கு ஓர் ஈரிழைத் துண்டு. அதை உள்ளங்காலில் குறுக்கே போட்டு இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துக்கொண்டால் கட்டைவிரலை எட்டிப் பிடிக்கும் அவசரமே இருக்காது. "உனக்குக் கட்டைவிரல் எதுக்கும்மா? தோள் தரையில இருக்கட்டும், துண்ட நீளமா விடு" என்பார் என் ஆசிரியை. எட்டிப் பிடிக்க முயல்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். முதலில் தோள் தரையை விட்டு எழும்பும், அடுத்து பல்லைக் கடிப்பார்கள், பிறகு மூச்சு நின்றுவிடும்.

முட்டி லேசாக மடங்கியே இருக்கலாம். இழுப்பு தொடையின் நடுச்சதையில் தெரிய வேண்டும். முட்டிக்குப் பின்னாலோ, உட்காரும் எலும்பின் அருகிலோ சுரீரென்றால் தசைநார் முறையிடுகிறது என்று பொருள். பாதம் வரை மின்சாரம் ஓடுவதுபோல் இருந்தால் அது நரம்பு. இரண்டிலும் உடனே காலைத் தளர்த்திவிட வேண்டும். எதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு வெளிமூச்சிலும் துளித்துளியாகக் காலை அருகில் கொண்டுவந்து, ஆறேழு மூச்சு அப்படியே இருப்பேன். வாத உடம்புக்கு அடிக்கடி நிலை மாற்றத் தோன்றும். அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பதில்தான் பாதிப் பலன்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு இன்னொரு ஆயுர்வேத ஆசானான சுசுருதர் அருமையான அளவுகோல் ஒன்று தந்திருக்கிறார். உடற்பயிற்சியில் மூச்சு வாய்வழியே வரத் தொடங்கினால் பலத்தில் பாதி செலவாகிவிட்டது, அதோடு போதும் என்கிறார். கால் எத்தனை டிகிரி உயர்ந்தது என்று பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பித்த உடம்புக்காரர்களின் சிக்கல் நேர் எதிரானது. அவர்களுடைய மூட்டும் தசையும் மென்மையானவை, தளர்வானவை என்கிறார் சரகர். வகுப்பில் இவர்களுக்குக் கால் சுலபமாக முகத்தருகே வந்துவிடும், வந்ததும் இன்னும் இழுக்கத் தோன்றும். ஏற்கெனவே தளர்ந்த மூட்டை மேலும் இழுப்பதில் லாபமில்லை. குதிகாலைத் துண்டுக்குள் அழுத்தி, கைகளால் அதற்கு எதிர்ப்புக் கொடுத்துத் தசையை வேலை செய்யவிடுவதே நல்லது. சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் செய்யவே வேண்டாம்.

கப உடம்புக்குப் படுத்தாலே தூக்கம் வரும். ஜமக்காளமும் தலைத்துணியும் இவர்களுக்கு வேண்டாம். காலையில் கொஞ்சம் வேகமாக நடந்துவிட்டு வந்து படுத்து, மூச்சோடு சேர்த்துக் காலை ஏற்றி இறக்கிச் சில முறை செய்தபின் கடைசியில் நிலைநிறுத்தினால் போதும்.

ஆளுக்கேற்ற மாற்றம் புதுமை ஒன்றும் இல்லை. கொழுப்பும் கபமும் மிகுந்தவர்கள் பிராணாயாமத்துக்கு முன் ஷட்கர்மம் என்ற ஆறு தூய்மைப் பயிற்சிகளைச் செய்யட்டும், மற்றவர்களுக்குத் தேவையில்லை என்று ஹட யோகப் பிரதீபிகை சொல்கிறது. 1952-ல் சென்னைக்குக் குடிவந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும், 1976-ல் அவர் பெயரில் யோக மந்திரம் தொடங்கிய மகன் தேசிகாச்சாரும் ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றியே கற்பித்தார்கள். பெல்ட்டும் பலகையும் யோக வகுப்புகளில் பரவக் காரணமானவர் கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார். ஆகவே துண்டைப் பிடிக்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வாதம் சீறும் என்கிறது ஆயுர்வேதம். வடக்கே அது ஆடி, ஆவணி. நமக்கோ ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அந்த மாதங்களில் எண்ணெயைக் கூட்டி, நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். நம்மில் பலர் வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களில் இரண்டு கலந்தவர்கள். உடல்வாகைச் சித்த மருத்துவரிடமோ ஆயுர்வேத மருத்துவரிடமோ நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

முடிக்கும்போது முட்டியை மடக்கி, துண்டை விட்டு, பாதத்தைத் தரையில் வைத்துவிட்டு அடுத்த காலுக்குப் போகலாம். எழும்போது வலப்பக்கம் திரும்பி, கையை ஊன்றி மெல்ல எழ வேண்டும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். முதுகுத்தண்டு வட்டு விலகியவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகள் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுப்பதையே தவிர்க்க வேண்டும்.