தங்களுக்கென ஒரு மருத்துவமனை

ஜொகூர், செடெனாக் வட்டாரத்தில் சாலையின் இருமருங்கிலும் செம்பனைத் தோட்டங்கள் நீள்கின்றன. தோட்டப்புறங்களில் வாழ்ந்த முதியவர்களிடம் மருத்துவமனையைப் பற்றிக் கேட்டால், அவர்கள் முதலில் ‘டிரெசர்’ பற்றித்தான் பேசுவர். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்திற்கும் அவரையே நாடினர். அன்றைய தொழிலாளர் சட்டங்கள் மருத்துவப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்திருந்தன. அதனால் மருந்து கிடைத்தது. ஆனால், அம்மருத்துவமனை நிர்வாகத்திற்குச் சொந்தமானது. அதை எப்படி நடத்துவது என்பதில் தொழிலாளர் கருத்துக்கு இடமில்லை.

நோயாளிகளே மருத்துவமனையின் உரிமையாளர்களாக இருக்க முடியுமா? தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கூடலூரில் அது நடைமுறையில் உள்ளது.

கூடலூர் மலைகளில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் எனும் பழங்குடியினர் வாழ்கின்றனர். காடு சுருங்கி நிலம் கைமாறியதால் பலர் சொந்த மண்ணிலேயே கூலியாட்களாயினர். பேறுகாலத்தில் தாய்மார்கள் இறந்தனர். வயிற்றுப்போக்கு குழந்தைகளைப் பலிகொண்டது. அப்பகுதியில் மருத்துவமனைகள் இல்லாமலில்லை. ஆனால், அங்கே தங்களை மதிப்பாரில்லை என்று பழங்குடியினர் அஞ்சினர். பலர் நோய் முற்றும்வரை குடிசையிலேயே கிடந்தனர்.

1980களில் ‘அக்கார்டு’ எனும் தொண்டமைப்பின் துணையுடன் அவர்கள் நில உரிமைக்காக ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாக ஒன்றுதிரண்டனர். 1987இல் தேவதாசன், ரூபா எனும் மருத்துவத் தம்பதியர் அங்கு வந்து, ஊர்மக்களிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கினர். குழந்தையின் எடையைப் பார்ப்பது, தடுப்பூசிக்கு ஊரைத் திரட்டுவது, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுப்பது ஆகியவை அவர்களுடைய வேலைகள். ஆயினும், கடுமையான நோயாளியை எங்கே அனுப்புவது? தங்களுக்கே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று மக்கள் கேட்டனர்.

1990இல் ‘அஸ்வினி’ அமைப்பின்கீழ்க் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. சைலஜா தேவி, நந்தகுமார் மேனன் எனும் மருத்துவத் தம்பதியர் அதை வளர்த்தனர். பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாத பழங்குடிப் பெண்களும் அங்கே செவிலியராகப் பயிற்சி பெற்றனர். இதைத் துணிச்சலான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

பணம் எங்கிருந்து வருவது? 1992இல் சங்க உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்புறுதி தொடங்கப்பட்டது. ஒவ்வொருவரும் சிறு தொகை செலுத்துவர். நோயுற்றவரின் சிகிச்சைக்கு அது உதவும். “நோயே வராவிட்டால் என் பணம் வீண்தானே?” என்று எவரும் கேட்கலாம். கிடைத்ததைப் பகிர்ந்துண்டு பழகிய சமூகத்திற்கு அதன் விடையை விளக்குவது அவ்வளவு கடினமன்று. எனினும், சந்தா மட்டும் எல்லாச் செலவையும் ஈடுகட்டுவதில்லை, நன்கொடையும் தேவைப்படுகிறது.

இம்மக்களிடையே அரிவாளணுச் சோகை எனும் மரபுநோய் காணப்படுகிறது. நம் நாட்டில் அறியப்பட்ட தலசீமியாவைப் போல இதுவும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து இரத்தக் குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி உண்டாகும். ‘அஸ்வினி’யின் பணியாளர்கள் இரத்தப் பரிசோதனை மூலம் இந்நோயாளிகளைக் கண்டறிந்து, தொடர்ந்து கவனித்து வருகின்றனர். வலியோடு வரும் சிறுவன் தன் தாய்மொழியில் சொல்வதை அங்குள்ள செவிலியர் புரிந்துகொள்கிறார்; அவரும் அதே மலையில் பிறந்தவர்.