கடல் குதிரைக்குப் பதில் எந்த மீன்? தறி வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

கடல் குதிரை வேண்டும் என்று வீட்டுப் பிள்ளை அடம்பிடித்தால், கடையைத் தேடுமுன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் கடல் குதிரை 2001இல் சேர்க்கப்பட்டது. பிடிப்பது, விற்பது, வாங்கி வைத்திருப்பது எல்லாமே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல்லை வாலால் பற்றிக்கொண்டு வாழும் இந்த உயிரைக் காயவைத்து, மருந்துக்கென்று வெளிநாடுகளுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தக் காவல். யாராவது கொடுத்து ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். நன்னீரில் அது பிழைக்காது. வனத்துறையிடம் சொல்லுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கடல் குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது உடனே குடலைக் கடந்துவிடும் என்பதால், பொடி இறால்களை நாளுக்குப் பலமுறை கொடுத்தாக வேண்டும். தொட்டி நீர் சூடானால் கிருமிகள் பெருகி நோய் வரும். 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நம் ஊர் சந்தவாசலின் சித்திரை வெயிலில், இரவு பகலாகக் குளிரூட்டும் கருவி ஓடாமல் அது நடக்காது.

ஆனால் பிள்ளையின் ஆசையைத் தட்டிவிட வேண்டியதில்லை. அப்பாக் கடல் குதிரை தன் வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமக்கிறதே, அதில்தான் பிள்ளைகள் மயங்குகிறார்கள். பிள்ளை காக்கும் அப்பா வேறு இரண்டு மீன்களிலும் உண்டு.

கோமாளி மீன்

ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன். முட்டைகளைப் பெரும்பாலும் ஆண்தான் காவல் காத்து, துடுப்பால் விசிறிக் காற்றூட்டும். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு பொரியும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. எனவே பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். உலர் தீனி பழகியிருக்கும், பவளப்பாறையில் பிடித்த பாவமும் சேராது.

செலவும் வேலையும் கூடுதல். ஒரு ஜோடிக்கு 80 லிட்டர் தொட்டியாவது வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம், முதல் முறை நிரப்பவே ஏறக்குறைய 3 கிலோ கடல் உப்புக் கலவை பிடிக்கும். வீட்டுக் கல்லுப்பு ஆகாது. மீன் தொட்டிக்கென்றே விற்பதை வாங்குங்கள். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் தினமும் ஊற்ற வேண்டும்.

ஃபைட்டர் மீன்

இது நன்னீர் மீன். ஆண் மீன் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். விழும் முட்டைகளை வாயால் கவ்விக் கூட்டில் சேர்த்து, இரண்டொரு நாளில் பொரியும் வரை காவல் நிற்கும். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பதால் மின்வெட்டில் மோட்டார் நின்றாலும் உடனே ஆபத்தில்லை. நம் ஊர்த் தண்ணீரின் இயல்பான வெதுவெதுப்பே இதற்குப் போதும். 20 லிட்டர் தொட்டி, மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், துள்ளி விழாமல் ஒரு மூடி: இவ்வளவுதான். இரண்டு ஆண்களைச் சேர்த்து விடாதீர்கள். செத்துப் போகும்வரை சண்டையிடும். முட்டையிட்டதும் பெண்ணையும், குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஆணையும் தனியே மாற்றுங்கள்.

தறி வீட்டில் கவனிக்க

தறியின் அதிர்வு தரை வழியே தொட்டிக்கு வரும். தறி ஓடும் அறையை விட்டு, அடுத்த அறையில் வெயில் படாத சுவரோரம் வையுங்கள். சாயம் தொட்ட கையும் சோப்புக் கையும் தொட்டிக்குள் போகக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள்.

வந்த முதல் வாரம்

மீன் வருமுன்னே தொட்டி பழகியிருக்க வேண்டும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நல்ல பாக்டீரியா மாற்றிக் கொடுக்கும் நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை காலித் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள்.

மீன் வந்ததும் விளக்கை அணைத்துப் பையை 15, 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேருங்கள்: ஃபைட்டருக்கு அரை மணி, கோமாளி மீனுக்கு ஒரு மணி நேரம். மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் வேண்டாம். முதல் நாள் தீனி தேவையில்லை. இரண்டு நாள் ஒளிந்துகொண்டு தின்ன மறுத்தாலும் பதற வேண்டாம். தின்னாத தீனியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

எதை எடுப்பது?

உப்பின் அளவைப் பார்க்க அன்றாடம் ஒருவர் இருக்கிறார், மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் இருக்கிறது என்றால் கோமாளி மீன். பாவு, ஊடை என்று வீடே வேலையில் மூழ்கியிருந்தால் ஃபைட்டர். மீன் கடைகள் உள்ள சென்னை கொளத்தூரிலிருந்து சந்தவாசலுக்கு நான்கு மணி நேரப் பயணம் இருக்கும். அதைத் தாங்குவதிலும் ஃபைட்டரே கெட்டி. முதல் தொட்டி வைப்பவருக்கு என் தேர்வு அதுதான்.

கடல் குதிரையைக் கடற்புல்வெளிக்கே விட்டுவிடுங்கள். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகத்தைத் தமிழக அரசு அறிவித்தது. அங்கே காக்கப்படும் புல்லைப் போன்றதுதான் கடல் குதிரையின் வீடும். நுரைக்கூட்டின் கீழ் காவல் நிற்கும் ஃபைட்டரைக் காட்டி, அந்தக் கதையையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.