நற்பழக்கத்திற்குப் பரிசு

பஞ்சாயத்துப் பணம் முன்னாளில் காசோலையால் செலவாயிற்று. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் 'இ-கிராம் ஸ்வராஜ்' தொடங்கப் பெற்றது. நிதிக்குழு மானியம் இன்று அதன் வழியே கணினி மூலம் வழங்கப்படுகிறது. இருவரது டிஜிட்டல் கையொப்பம் இன்றிப் பணம் வெளியேறாது. ஆயினும், இரு கையொப்ப டோக்கன்களும் கணினியிலேயே செருகிக் கிடந்து, கடவுச்சொல்லும் மேசைமேல் எழுதியிருப்பின் இக்காவலால் யாது பயன்? இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களில் குடிநீருக்கும் தெருவிளக்கிற்கும் உரிய பணம் நொடியில் பறிபோகும்.

தண்டனைக்கு அஞ்சும் ஊழியர் தவற்றை மறைப்பார். மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கே ஆதாயம். 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தால், பணம் கைமாறுமுன் வங்கிகள் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

ஆகவே, பாராட்டுக்குரிய பழக்கங்கள் மூன்று:

1. வேலை முடிந்ததும் டோக்கனைக் கழற்றி, அதற்குரியவரே பூட்டி வைத்தல்.

2. கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் எவருக்கும் கூறாதிருத்தல்.

3. ஐயத்திற்குரிய செய்தி வந்தால் திறவாமல் தெரிவித்தல். தவறித் திறந்துவிட்டாலும் அக்கணமே ஒப்புக்கொள்ளுதல்.

'ஆண்டு முழுவதும் ஒரு தவறும் நேரவில்லை' என்பதற்குப் பரிசளித்தல் கூடாது. அது மறைத்தவருக்கு அளித்த பரிசாகவும் முடியலாம். விரைந்து அறிவித்தவரே பரிசுக்கு உரியவர்.

பரிசு பெரிதாயிருக்க வேண்டுவதில்லை. அக்டோபர், சைபர் பாதுகாப்பு விழிப்புணர்வு மாதமாகும். அம்மாதம் காந்தி ஜயந்தியையொட்டிக் கூடும் கிராம சபையில் அவ்வூழியரைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். ஊரார் முன் பெறும் நற்சொல், ஊர்ப் பணத்திற்குக் காவலாக நிற்கும்.