கையெழுத்திட்டாலும் செல்லாத ஒப்பந்தங்கள்

ஒன்பதாம் வகுப்பில் மனித உரிமைகள் பாடத்தை நடத்தும்போது ஒரு கேள்வியோடு தொடங்குவது என் வழக்கம். "இரண்டு நாடுகள் மனமொத்துக் கையெழுத்திட்டால் எதை வேண்டுமானாலும் ஒப்பந்தமாக்கிக்கொள்ளலாமா?" பெரும்பாலோர் ஆம் என்பார்கள். நாடுகளுக்கு மேலே வேறு அரசு இல்லையே என்று காரணமும் சொல்வார்கள். நல்ல காரணம்தான், பன்னாட்டுச் சட்டத்தின் பெரும்பகுதி நாடுகளின் ஒப்புதலின் மேல்தான் நிற்கிறது. ஆனால் ஒப்புதலாலும் மாற்ற முடியாத சில விதிகள் உண்டு. அவற்றைக் கட்டாய நெறிகள் என்பர். சட்ட நூல்களில் 'யூஸ் கோகென்ஸ்' என்ற இலத்தீன் பெயரில் வரும்.

1969ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கையில் 53ஆவது உறுப்பு இதைச் சொல்கிறது: கையெழுத்தாகும்போதே கட்டாய நெறிக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது. 64ஆவது உறுப்பு இன்னும் சுவையானது. புதிதாக ஒரு கட்டாய நெறி தோன்றினால், அதற்கு முரணான பழைய ஒப்பந்தமும் அன்றோடு முடிந்துபோகும். மாணவர்களுக்கு நம் நாட்டு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தைக் காட்டலாம். திருட்டுப் பொருளைப் பங்குபோட இருவர் பத்திரம் எழுதிக்கொண்டால் எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது.

எவை அந்த நெறிகள்? ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2022இல், முழுமையானதல்ல என்ற குறிப்போடு, எட்டைப் பட்டியலிட்டது. ஆக்கிரமிப்பு, இனப்படுகொலை, அடிமைமுறை, சித்திரவதை ஆகியவற்றுக்கான தடையும் மக்களின் தன்னாட்சி உரிமையும் அவற்றில் அடங்கும். பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு வழக்கைச் சொன்னால் போதும்.

தென் அமெரிக்காவின் சுரினாமில் சரமாக்கா என்னும் மக்கள் வாழ்கிறார்கள். டச்சுத் தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் சென்ற ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள். டச்சுக்காரர்களால் அவர்களை அடக்க முடியாமல் 1762இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சரமாக்கா மக்களின் விடுதலை ஏற்கப்பட்டது. அதற்கு ஈடாக, இனித் தப்பிவரும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும். தூரத்தைப் பொறுத்து ஆளுக்கு 10 முதல் 50 ஃபுளோரின் வரை கிடைக்கும்.

1987 டிசம்பர் 31 அன்று சுரினாம் படைவீரர்கள் சரமாக்கா ஆண்கள் சிலரைத் தாக்கினர். ஏழு பேர் கொல்லப்பட்டனர். அலுபூட்டு வழக்கு என்று பெயர்பெற்ற இது அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றது. சுரினாம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது, இழப்பீடுதான் மிச்சம். அந்தச் சமூகம் தன் வழக்கங்களின்படி தன்னை ஆண்டுகொள்ளும் உரிமையுடையது என்று காட்ட 1762 ஒப்பந்தம் முன்வைக்கப்பட்டது. 1993 தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அடிமைகளைப் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒப்பந்தத்தை மனித உரிமை மன்றத்தில் எவரும் காட்ட முடியாது என்றது. அடிமைப்படுத்தியவரின் பத்திரம் மட்டுமல்ல, அடிமைத்தளையிலிருந்து மீண்டவரின் பத்திரமும் செல்லவில்லை. இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும், பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

"மீறினால் யார் தண்டிப்பார்?" என்று யாரேனும் நிச்சயம் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். காங்கோ, ருவாண்டா மீது தொடுத்த வழக்கில் 2006இல் பன்னாட்டு நீதிமன்றம், இனப்படுகொலைத் தடை கட்டாய நெறியே, ஆனால் அது மட்டுமே தனக்கு விசாரிக்கும் அதிகாரத்தைத் தந்துவிடாது என்று சொல்லிவிட்டது. நெறியின் வலிமை வேறு, நீதிமன்றத்தின் கதவு வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் பாடம் வெறும் வாழ்த்துரையாகிவிடும்.

சுரினாம் வழக்கில் ஒப்பந்தம் ஒதுக்கப்பட்டாலும், வாரிசுகள் யார் என்பதைச் சரமாக்கா மக்களின் சொந்தக் குடும்ப வழக்கப்படியே நீதிமன்றம் தீர்மானித்தது. பணத்தோடு இன்னோர் ஆணையும் இட்டது: குஜாபாவில் மூடிக் கிடந்த பள்ளியைத் திறந்து, அங்கே ஆசிரியர்களை நியமித்து, 1994 முதல் அது நிரந்தரமாக இயங்கச் செய்ய வேண்டும்.