முதற்சொல்

எழுத அமர்ந்தவுடன் சொற்கள் வரிசையாக வந்து நிற்பதில்லை. எதைத் தொடங்குவது, எப்படித் தொடங்குவது என்னும் திகைப்பு பெரும்புலவர்க்கும் நேர்ந்ததுண்டு. அடியார் வரலாறு பாட முனைந்த சேக்கிழார் தில்லைக் கூத்தனை வேண்டி நின்றார் என்பதும், இறைவன் 'உலகெலாம்' என அடியெடுத்துக் கொடுத்தான் என்பதும் மரபுவழிச் செய்தி.

ஒரு சொல் கிடைத்தது, காப்பியம் பிறந்தது என எளிதாகக் கூறிவிடுகிறோம். அவர் எடுத்துக்கொண்ட பொருளோ புதியதன்று. சுந்தரர் 11 பாடல்களில் திருத்தொண்டத்தொகை பாடிவிட்டார். திருநாளைப்போவாரை அது பெயரளவில் சுட்டிச் செல்கிறது. நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் அவ்வடியாரை ஒரு பாடலில் போற்றினார். இருவர் பாடிய பொருளில் மூன்றாமவர்க்கு என்ன எஞ்சியிருக்கும்?

சேக்கிழார் அவ்வடியாரின் ஆதனூர்க் குடியிருப்புக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். வார்கள் கிடக்கும் முற்றத்தில் கோழிக்குஞ்சுகள் சுற்றித் திரிகின்றன. இரும்பு வளை அணிந்த சிறுவர் துள்ளும் நாய்க்குட்டிகளைக் கவர்ந்து ஓடுகின்றனர். குட்டிகளின் மெல்லிய குரைப்பொலி, அச்சிறுவர்தம் அரையில் கட்டிய மணியோசையில் அடங்கிப்போகிறது. அந்த மணியோசை முன்னூல்கள் இரண்டிலும் இல்லை. சோழ அமைச்சராக நாட்டையும் மக்களையும் அறிந்தவரின் கண்ணும் செவியும் சேர்த்துவைத்த செல்வம் அது. தில்லையில் முதற்சொல்லுக்காகக் காத்து நின்றபோதும் அவரிடம் இருந்தது.

4,000-க்கும் மேற்பட்ட பாடல்களுக்குப் பின், அதே 'உலகெலாம்' என்னும் சொல்லிலேயே நூலை முடித்தார் சேக்கிழார்.