இறப்பர்ப் பட்டியும் கந்தகப் பிணைப்பும்



சூடடிக்கும் நாளில் இயந்திரம் இடைநடுவில் நின்றுவிட்டால் பலமுறை பழுது இயந்திரத்தில் இருப்பதில்லை. பெல்ட் என்று நாம் சொல்லும் இறப்பர் வார்ப்பட்டியே அறுந்திருக்கும். பட்டியின் விலை சிறிது. அதன் பொருட்டுக் களத்தில் கிடந்து மழையில் நனையும் நெல்லின் விலையோ பெரிது. ஆதலால் இறப்பர் எதனால் வலிமை பெறுகிறது, எதனால் அதை இழக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருத்தல் நன்று.

குறிஞ்சாக்கேணிப் பக்கத்தில் இறப்பர் மரம் இல்லை. அது களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி முதலான மழை மிகுந்த மாவட்டங்களின் பயிர். அமேசன் காட்டு விதையிலிருந்து முளைப்பித்த நாற்றுகள் 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து, கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆயினும் மரத்துப் பாலை உறையவைத்துப் பெறும் பச்சை இறப்பர் பட்டிக்கோ சில்லுக்கோ உதவாது. வெயிலில் அது பிசுபிசுக்கும்; குளிரில் விறைக்கும்; இழுத்தால் நீண்டு, முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பாது.

காரணம் இதுவே. இறப்பர் மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. இத்தகைய பொருளைப் பல்பகுதியம் என்பர். சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டப்படாமல், குவித்துவைத்த நூல்போலக் கிடக்கின்றன. குவியலை இழுத்தால் நூல்கள் வழுக்கி விலகும். அதே நூலை இடையிடையே முடிச்சிட்டு வலையாக்கினாலோ, இழுத்தபோது தாங்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இந்த மாற்றம் உண்டாவதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிக்குச் சங்கிலி பாலமிடுகின்றன. இதுவே குறுக்கிணைப்பு, தொழிலிலே வல்கனைசுப்படுத்தல் எனப்படும். தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டைச் சாற்றை ஊட்டித் தோல் நார்களைப் பிணைப்பதும் ஏறத்தாழ இந்த இனத்ததே.

முடிச்சின் அளவே பொருளின் குணத்தைத் தீர்மானிக்கிறது. 100 கிலோ இறப்பருக்கு 1 முதல் 3 கிலோ வரை கந்தகம் சேர்த்து, 140 முதல் 160 பாகை வரை சூடாக்கினால் மீள்தன்மையுள்ள இறப்பர் கிடைக்கும். கந்தகம் 30 கிலோ அளவுக்கு உயர்ந்தால் எபனைற்று என்னும் கடும்பொருளாகிவிடும். முன்னாளில் மின்கலப் பெட்டிகள் அதனாற் செய்யப்பட்டன.

இனி உங்கள் பட்டிக்கு வருவோம். பட்டி தளர்ந்து வழுக்கினால் உராய்வால் சூடேறும். அச்சூட்டில் கந்தகப் பிணைப்புகள் சில அறும். புதியன சில வேண்டாத இடங்களில் உண்டாகும். பட்டி பளபளத்து, விறைத்து, வெடிக்கும். ஆகவே நடுவிற் பெருவிரலால் அழுத்திச் சற்றே பதியும் அளவுக்கு இறுக்கி வையுங்கள். மிகையாக இறுக்கினால் தண்டின் குண்டுப் போதிகை தேயும். வழுக்குகிறது என்று மண்ணெண்ணெய் தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை அறவே விட்டுவிடுங்கள். பிணைக்கப்பட்ட இறப்பர் எண்ணெயிற் கரையாது. ஆனால் எண்ணெயை உறிஞ்சி ஊதி, வலிமை இழக்கும்.

குழாய் ஒட்டும் பசையைக் கவனித்திருப்பீர்கள். அது கரைப்பானிற் கரைந்த, இன்னும் பிணைக்கப்படாத இறப்பர். குழாயோ பிணைக்கப்பட்டது, ஆதலாற் கரைவதில்லை. ஒட்டுமுன் குழாயை அரத்தால் உரோஞ்சுவதும், பசை தொட்டுப் பார்த்தால் ஒட்டாத அளவுக்கு உலரும்வரை பொறுப்பதும் அவசியம். ஈரத்திலே ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கி ஒட்டுக் கழன்றுவிடும்.

உழவு முடிந்தபின் இயந்திரத்தை வெயிலில் விடாதீர்கள். வெயிலும், காற்றிலுள்ள ஓசோனும் சங்கிலிகளையே அறுக்கும். சில்லின் பக்கச்சுவரில் தோன்றும் மெல்லிய வெடிப்புகள் இதன் அடையாளம். மின்மோட்டரின் தீப்பொறி ஓசோனை உண்டாக்குமாதலால், உதிரிப் பட்டிகளை அதனருகே தொங்கவிடலாகாது. நிழலான, உலர்ந்த அறையே ஏற்றது.

பிணைப்பின் பயன் ஒருபுறமிருக்க, அதனால் ஒரு தொல்லையும் உண்டு. பிணைந்த இறப்பரை மெழுகைப்போல உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. மண்ணிலும் எளிதில் மக்காது. கழித்த ரயர் ஆண்டுக்கணக்கிற் கிடந்து மழைநீரைத் தாங்கி நுளம்பு பெருக இடந்தருகிறது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அவ்வாண்டில் கிண்ணியாப் பகுதியில் உயிர்களும் பலியாயின. ஆகவே பழைய ரயரைக் கூரையின்கீழ் வையுங்கள். வெளியில் பயன்படுத்துவதாயின் நீர் தேங்காதபடி பல இடங்களிற் துளையிட்டு, மண் நிரப்பி வையுங்கள். எரிக்க வேண்டாம்; அதிலுள்ள கந்தகம் நச்சுப் புகையாகி வீட்டாரையே சேரும்.